சீனாக்கா கொடுத்த முட்டை

கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்த மூன்று வருடத்தில் எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது தங்கியபோது வீட்டுக்காரரைத் தவிர ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஊரெல்லாம் சொன்னதால்தான் முதல் இரண்டும் போயின என்று எனக்கு ஓர் எண்ணம். சேலையைச் சற்று ஏற்றிக் கட்டிக்கொண்டு, குமட்டல் வந்தால் பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான்கு மாதத்தை ஓட்டிவிட்டேன். முன் அறையிலேயே பல் டாக்டர் இருக்கும்போது பல் வலி என்று பொய் சொல்லுமளவுக்குத்தான் எனக்கு அப்போது புத்தி இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

அவர் சீனாக்காரர். கடைத்தெருவில் ஒரு பாய் வீட்டின் முன் அறை அவருடைய வைத்தியசாலை, நடு அறை அவர்கள் குடியிருப்பு, பின் அறை எங்களுடையது. தண்ணீர்க் குழாய் மட்டும் பொது. என் வீட்டுக்காரர் தோட்டத்து லொறியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும் டிரைவர். டாக்டரின் மனைவியைத் தெருவே சீனாக்கா என்றுதான் கூப்பிடும். கடைத்தெருவில் கேட்டுக் கேட்டுப் பிடித்த தமிழில் இரண்டு சிங்கள வார்த்தையைச் சேர்த்துப் பேசுவார். பிள்ளை இல்லை.

இரண்டாவது கரு கலைந்த அன்று வீட்டுக்காரர் லொறியோடு போயிருந்தார். என் அம்மா கந்தப்பளைத் தோட்டத்தில் இருந்தார், செய்தி போய்ச் சேரவே மறுநாள் ஆகும். என் முனகலைக் கேட்டு ஓடிவந்தது சீனாக்காதான். வெந்நீர் வைத்துக் கொடுத்தார். என் துணிகளை அள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் கசக்கிப் பிழிந்தார். கூடப் பிறந்தவள்கூடத் தயங்குகிற வேலை அது. அதற்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வைத்தியசாலைச் சுவரில் ஒரு தட்டின் மேல் டாக்டருடைய அம்மாவின் படம் இருந்தது. நான் ஹட்டனுக்கு வருவதற்கு முன்பே இறந்துபோனவர். மகனைத் தேடிக் கடல் தாண்டி வந்து, இந்தக் குளிரில் இரண்டு வருடம் இருந்து, இங்கேயே போய்விட்டார். உதட்டை இறுக்கி, நேராக நம்மையே பார்க்கிற முகம். படத்துக்கு முன்னால் எப்போதும் மூன்று ஆரஞ்சு நிறத் தோடம்பழமும் ஊதுபத்தியும் இருக்கும். பல் பிடுங்க வரும் தோட்டத்துப் பெண்கள் அதைச் சீனத்து மாரியம்மன் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்கள். டாக்டர் ஒரு நாளும் திருத்தியதில்லை. பயம் குறைந்தால் வாயை நன்றாகத் திறக்கிறார்கள் என்பார்.

வருடா வருடம் சித்திரைப் பிறப்புக்கு ஒரு வாரம் முன்னால் அவர்களுக்கு ஒரு நாள் உண்டு. அன்றைக்குக் கதவைப் பூட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மேட்டில் இருக்கிற மையவாடியில் அம்மாவின் கல்லறைக்குப் போவார்கள். புல்லைச் செதுக்கி, படையல் வைத்து, மதியம் போலத் திரும்புவார்கள். நான் கர்ப்பமாக இருந்த அந்த வருடம், அதற்கு முந்தின நாள் பகலில், கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.

கொழும்புக் கடிதம் என்றாலே அப்போது எங்கள் எல்லோருக்கும் பயம்தான். தோட்டத்துத் தமிழர்களான நாங்களும் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த ஆட்கள்தான். மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. சீனாக்காரர்களுக்கு நாட்டில் தங்கும் அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மறுநாள் காலையில் இரண்டு பேரும் நேரில் வர வேண்டும், வராவிட்டால் அனுமதி முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று கடிதத்தில் இருந்தது. அன்று மாலை ரயிலைப் பிடித்தால்தான் போய்ச் சேர முடியும்.

சீனாக்கா குழாயடிக்கு வந்தார். கையில் வாளி இல்லை. அவர்கள் முறைப்படி கல்லறைக்கு அந்த நாளுக்கு முன்னால் போனாலும் பாதகமில்லையாம், தள்ளிப் போடுவதுதான் கூடாதாம். அதுவும் போகிற இடத்திலிருந்து திரும்பி வருவோமா, அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்களா என்று தெரியாதபோது எப்படித் தள்ளிப் போடுவது என்று கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி, நாளைக்கு நீ போ. அம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க. யாருமே வரலன்னா, அங்க படுத்திருக்கிற மத்தவங்க எல்லாம், இந்தக் கெழவிக்குப் புள்ளயே இல்லன்னு பேசுவாங்க.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, நான் முழுகாமல் இருக்கிறேன் என்று ஒரு வாக்கியம். எங்களில் பொதுவாகவே பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி என்றால் தெருவில் பிணம் போகும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரியும். ஆனால் என் துணியைக் கசக்கிய கை என் கையைப் பிடித்திருந்தது. அதோடு, வெளியே சொன்னால் இதுவும் போய்விடும் என்ற பயம் வேறு. “சரிக்கா” என்றேன்.

அவர் செய்முறையை வரிசையாகச் சொன்னார். முதலில் புல்லைச் செதுக்க வேண்டும். பிறகு மஞ்சள் தாள்களை மண்மேட்டின் மேல் வைத்துக் கல்லால் அழுத்த வேண்டும். அதைப் பார்த்தால்தான் இந்தக் கல்லறைக்கு ஆள் வந்துபோனது என்று தெரியுமாம். மூன்று கோப்பை தேயிலைத் தண்ணீர் ஊற்றி, அவித்த கோழியையும் சோற்றையும் முட்டைகளையும் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, யார் வந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊதுபத்தி பாதி எரியும்வரை காத்திருந்து, தங்கப் பூச்சுத் தாள்களை எரிக்க வேண்டும். என்னை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு கோழியை அவித்துக் கூடையில் வைத்துவிட்டு, டாக்டரோடு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

மறுநாள் வீட்டுக்காரர் லொறிக்குப் போன பிறகு கிளம்பினேன். அவரிடமும் சொல்லவில்லை. இடுப்பில் வேப்பிலை, முந்தானை முடிச்சில் எலுமிச்சம்பழம், கையில் கதவுச் சாவி. இரும்பு கையில் இருந்தால் ஒன்றும் அண்டாது என்று சின்ன வயதில் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கேட்டது. அந்த அம்மா பேயாக எழுந்து வந்திருந்தால் இதில் எதைப் பார்த்து முதலில் பயப்படுவது என்று திகைத்துப் போயிருப்பார். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

மையவாடியின் மேல் ஓரத்தில், தேயிலைச் செடிகள் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கல்லறை இருந்தது. சீன எழுத்துகளை வைத்துக் கண்டுபிடித்தேன். புல்வெட்டு எனக்குப் புதிதல்ல, பன்னிரண்டு வயதிலேயே தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு நின்றவள் நான். புல் வேரோடு பழைய முட்டை ஓட்டுத் துண்டுகளும் பெயர்ந்து வந்தன. குப்பை என்று எல்லாவற்றையும் கூட்டி ஒதுக்கினேன். மஞ்சள் தாள்களை வைத்துக் கல்லால் அழுத்தினேன். தேயிலை ஊற்றி, படையலைப் பரப்பி, ஊதுபத்தியைக் கொளுத்தினேன். படத்தில் பார்த்த அந்த முகம் மண்ணுக்குள் இருந்து என்னையே பார்ப்பது போலிருந்தது.

உங்கள் மருமகள் கொழும்புக்குப் போயிருக்கிறார், அவருக்குப் பதிலாகப் பின் அறைக்காரி வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அழுகை வந்துவிட்டது.

“பெரியம்மா, எனக்கு ரெண்டு போயிருச்சு. வயித்துல உள்ளத மட்டும் ஒண்ணும் செஞ்சிராதீங்க.”

வீட்டுக்காரருக்கு அடுத்து நான் அந்த ரகசியத்தைச் சொன்ன ஆள் ஒரு செத்துப்போன சீனத்து அம்மா. ஊதுபத்தி பாதி எரிந்தது. தாள்களை எரித்தேன். தள்ளி நின்றதும் காகங்கள் இறங்கிவிட்டன. காகம் எடுத்தால் பிதுர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம், அதனால் எனக்கு மூச்சு வந்தது. கோழி, சோறு, முட்டை எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன். மையவாடிச் சோற்றைத் திருப்பி எடுத்துவர எவளுக்குத் துணிச்சல் வரும்? குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த சேலையை அலசிப் போட்ட பிறகுதான் அறைக்குள் கால் வைத்தேன்.

மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை நான் கவனிக்கவில்லை. அவர்கள் என்னைக் கவனித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வட்டவளையிலிருந்து மாமியார் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மூத்த மகனோடு தோட்டத்து லயத்தில் இருந்தவர் அவர். என்னைச் சுடுகாட்டில் பார்த்ததாகச் சொல்கிறார்களே என்று கேட்டார். வேறு யாராவதாக இருக்கும் என்று நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் பார்வை என் இடுப்பில் நின்றது. நான்கு பெற்றவருக்குச் சேலைக் கட்டெல்லாம் மறைப்பா? மடியிலிருந்து திருநீற்றை எடுத்து நெற்றி முழுக்க அப்பினார். மூக்கிலும் கண்ணிலும் கொட்டியது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை சேலையில் ரத்தம் பட்டது.

கொஞ்சம்தான். முதல் இரண்டும் கொஞ்சத்தில்தான் தொடங்கின. வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன், கல்லறைக்குப் போனது உட்பட. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவங்க வந்து கேட்டா நான் மட்டும் முடியாதுன்னா சொல்லியிருப்பேன் என்று முணுமுணுத்தார். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரை அழைத்துவந்து காட்டினார். அவர் படுத்தே இரு, எழுந்திருக்காதே என்றார். வேறு மருந்து அவரிடம் இல்லை.

படுத்தே கிடந்தேன். கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன தப்புச் செய்தேன் என்று ஒன்று ஒன்றாகத் திருப்பிப் பார்த்தேன். தாளைக் கல்லால் சரியாக அழுத்தினேனா? தேயிலை ஆறிப்போயிருந்ததா? சாவியும் வேப்பிலையுமாகப் போய் நின்றதில் அந்த அம்மாவுக்குக் கோபமா? நடு அறை பூட்டிக் கிடந்தது. சித்திரைப் பிறப்பும் வந்து போனது. தாடை வீங்கியவர்கள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சீனாக்காவையும் டாக்டரையும் கப்பல் ஏற்றிவிட்டார்கள், இங்கே என் பிள்ளையும் போகப்போகிறது, இரண்டுக்கும் காரணம் நான் செய்த ஏதோ ஒரு பிழைதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் அவர்கள் வந்தார்கள். அனுமதி இன்னும் ஒரு வருடத்துக்குக் கிடைத்திருந்தது. சீனாக்கா பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் என் அறைக்கு வந்து, காற்று அடித்ததா, தாள் நின்றதா என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கோழி நன்றாக இருந்ததா என்று கேட்டார். காகம் வந்து எடுத்தது, நல்ல சகுனம் என்றேன்.

“நீ சாப்பிடலையா?”

“எப்படிக்கா சாப்பிடுறது? மையவாடில வச்சது.”

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். “அப்ப அம்மா தனியா சாப்பிட்டாங்களா” என்றார்.

படைத்ததை அங்கேயே உட்கார்ந்து அம்மாவோடு சேர்ந்து சாப்பிட வேண்டும், வருடத்தில் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத்தான் போவதே என்று பிறகு சொன்னார். முட்டையை அங்கே உரித்து ஓட்டைக் கல்லறை மேலேயே போடுவார்களாம். நான் குப்பை என்று கூட்டி ஒதுக்கியது அவர்கள் போன வருடம் சாப்பிட்டதன் மிச்சம். இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சோற்றை மெல்ல வேண்டும் என்று யாராவது சொல்லித் தருவார்களா என்பது போல என்னைப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. படுக்கையில் இருப்பதன் காரணத்தையும், நான்கு மாதம் மறைத்ததையும், ரத்தம் பட்டதையும் சொல்லிவிட்டேன். சீனாக்கா தன் வாயிலேயே இரண்டு தடவை அடித்துக்கொண்டார். “வயித்துல புள்ளய வச்சுக்கிட்டா போன? நாங்ககூட அனுப்ப மாட்டோமே தங்கச்சி. தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேனே.”

அவர்கள் ஊரிலும் கர்ப்பிணி கல்லறைக்குப் போகக் கூடாதாம். அவர்கள் ஊரிலும் முதல் மாதங்களில் வெளியே சொல்ல மாட்டார்களாம். இரண்டு ஊரிலும் ஒரே சட்டம். ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றதை மீறியிருக்கிறேன். அன்று முழுக்க அவர் என் காலடியில் உட்கார்ந்திருந்தார். பயம் இரண்டு பேருக்கும் பொதுவாக ஆனதே தவிர, குறையவில்லை.

மறுநாள் காலையில் மழை. சீனாக்கா குடையும் கூடையுமாகத் தனியாகக் கிளம்பிப் போனதைச் சன்னலில் பார்த்தேன். மதியம் நனைந்த தலையோடு வந்து, கைக்குட்டையை என் முன்னால் பிரித்தார். உரித்த முட்டை ஒன்று இருந்தது. அம்மாவிடம் எல்லாம் சொல்லியாயிற்று, தப்பு என்னுடையது, அவள் பேரில் கோபப்படாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன், இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம் என்றார்.

“இது ஒன் பங்கு. சாப்பிடு. அம்மா புள்ளயப் பாத்துக்குவாங்க.”

முட்டை குளிர்ந்திருந்தது. ஒரு ஓரத்தில் மண் துகள் ஒட்டியிருந்தது. மையவாடியில் பிணத்துக்கு வைத்ததைப் பிள்ளை நிற்குமா என்று தெரியாத வயிற்றுக்குள் போடச் சொல்கிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்கு முன்னால் மறுக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அந்த நேரம் முன் அறையிலிருந்து டாக்டர் எதற்கோ கூப்பிட்டார். சீனாக்கா அந்தப் பக்கம் போனதும் முட்டையைச் சேலை மடிப்புக்குள் செருகிவிட்டு வெறும் வாயை மென்றேன். அவர் திரும்பி வந்தபோது உதட்டைத் துடைத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாள் அலைச்சலுக்குப் பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். அவர் போன பிறகு முட்டையைக் கொல்லைச் சாக்கடைக் கானில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

இரண்டு நாளில் ரத்தம் நின்றது.

புரட்டாசியில் மகள் பிறந்தாள். சீனாக்கா முட்டைக் கதையைப் பல் வலியோடு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அது மாமியார் காதுக்கும் போனது. அவர் கொதிக்கப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் வைத்தியசாலைக்குப் போய்ச் சீனத்து மாரியம்மனுக்கு ஒரு முழம் கதம்பம் சாத்திவிட்டு வந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை குழாயடிக்குப் போனேன். குழந்தையைக் கையில் வாங்கி, அம்மா காப்பாற்றிக் கொடுத்த பிள்ளை என்று அவர் கொஞ்சும்போது எனக்கு நாக்கு எழவில்லை. குழந்தைக்கு உடம்பு சுட்டால்கூட, பொய் சொன்னதற்குத்தான் என்று விடியும்வரை உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஒரு வருடம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே, இனி அனுமதி நீளாது என்று கடிதம் வந்துவிட்டது. டாக்டரின் உறவுக்காரர்கள் ஹாங்காங்கில் இருந்தார்கள், அங்கே போவதென்று ஆனது. அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவை எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு முன்னால் சீனாக்கா ஒரு கட்டு மஞ்சள் தாளை என்னிடம் கொடுத்தார்.

“வேற யாருகிட்டயும் சொல்லத் தோணல. அம்மாவுக்கு ஒன்னத் தெரியும். அவங்ககூடச் சாப்பிட்டவ நீ.”

தலையை ஆட்டினேன். ரயில் போய் வெகுநேரம் வரை தாள்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்னைப் போல ஒரு கேடுகெட்டவள் உண்டா என்றிருந்தது.

சித்திரைக்கு ஒரு வாரம் முன்னால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வீட்டுக்காரருக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரியும், அவரே ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். புல்லைச் செதுக்கி, தாளை வைத்துக் கல்லால் அழுத்தி, தேயிலை ஊற்றி, சோற்றையும் ஒரு முட்டையையும் வைத்தேன். ஊதுபத்தி பாதி எரிந்தது. எனக்கு அப்போதும் பயம்தான். பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“பெரியம்மா, போன வருஷம் நான் சாப்பிடல. கான்ல போட்டுட்டேன். அக்காவுக்குத் தெரியாது” என்றேன்.

முட்டையை உரித்து ஓட்டைக் கல்லறை மேல் போட்டேன்.  இரண்டாகப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோக மனம் வராமல் வைத்திருந்தபோது, மடியிலிருந்து மகள் எட்டி மஞ்சள் கருவை ஒரு பிடி அள்ளி வாயில் வைத்துக்கொண்டாள். தடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டேன். அவள் உதடெல்லாம் அப்பிக்கொண்டு சப்பினாள். மீதியை நான் வாயில் போட்டு, மென்று, விழுங்கினேன்.